சேம அச்சும் பந்தயக் காரும்

உப்பு வணிகராகிய உமணர், தம் வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டு நெடுவழி புறப்பட்ட செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடுகின்றார். எருதுகளோ நுகத்திற்குப் பழகாத இளையவை. ஏற்றிய சுமையோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமென்று எவரும் முன்னரே அறியார். ஆதலின் அவர்கள் சேம அச்சு ஒன்றினை உடன் கொண்டனர். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த புலவருக்கு, வாளும் வேலும் யானையும் உவமையாகத் தோன்றவில்லை. வண்டிக்கடியில் கண்ணுக்குப் புலனாகாமல் கிடந்த அந்த மாற்று அச்சே தோன்றிற்று. வள்ளுவரும் இருமுறை இப்பகுதியைத் தொடுகின்றார். மயிலின் இறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வலியறிதலிலும், பெருந்தேர் ஓர் ஆணியை நம்பி ஓடுவதை வினைத்திட்பத்திலும் வைத்தார். இவற்றை உவமை நயம் என்ற அளவில் மாணவர்க்கு விளக்கிவிட்டு மேற்செல்வது வகுப்பறை வழக்கம். வண்டியோடு வாழ்ந்தவரின் பட்டறிவு இவற்றுள் பொதிந்திருப்பதைச் சற்று நின்று காண்பது தகும்.

அச்சு முறிதல் பழங்காலத்தோடு முடிந்துவிட்ட செய்தியன்று. பழைய காரொன்றைப் புதுக்கி, கால் மைல் தூரத்தை நின்ற நிலையிலிருந்து மிகக் குறைந்த நேரத்தில் கடக்கச் செய்யும் டிராக் பந்தயத்தில் இறங்குவோர், முதன்முதல் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுவேயாகும். அவர்கள் பெரும்பொருள் செலவிட்டு எஞ்சினைப் பெருக்குவர். விளக்கு பச்சையாக மாறிய அந்தக் கணத்தில் கார் நகராது. பின்னால் ஓர் உலோக ஒலி மட்டும் கேட்கும்.

மாட்டு வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது நிலையாக நிற்க, சக்கரங்களே அதன் நுனியில் சுழலும். சுமையைத் தாங்குதல் ஒன்றே அதன் கடமை. இழுப்பது எருது, இழுவையின் முறுக்கம் அச்சினைத் தீண்டுவதே இல்லை. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய மணலையும் அரிசி மூட்டையையும் சுமந்த வண்டிகள் யாவும் இவ்வகையினவே. 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை நாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னரும், பாதை எட்டாத இடங்களில் வண்டிக்காரரின் காலம் நெடுநாள் நீடித்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; லாரி வந்தது. பால் தோம்புகளையும், பெரட்டு முடிந்து தூரத்து நிரைகளுக்குச் செல்லும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு செம்மண் மேடுகளில் அது ஏறியபோது, பின்னச்சு முன்பு அறியாத ஒரு வேலையையும் சேர்த்துச் செய்தது. அது தாங்கியதோடு நில்லாமல், தானே முறுக்குண்டு சக்கரத்தைத் திருப்பியது.

இந்த மாற்றத்திற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. வளைவில் திரும்பும் வண்டியின் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுந்த தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஒன்று இழுபட்டே தீரும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும், இரண்டிற்கும் விசை செல்லவும் வழி கண்ட பல்லிணைப்பினை, பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் தம் உரிமையாகப் பதிந்தார். அதுவே இன்று பட்டறைகளில் டிபரென்ஷியல் எனப்படுவது. காரே தோன்றியிராத காலத்தில் காரின் இன்றியமையா உறுப்பு ஒன்று தோன்றிவிட்டது வியப்பிற்குரியது. 1898இல் லூயி ரெனோ தாம் செய்த சிறு காரில் சங்கிலியை விடுத்துத் தண்டின் வழியே பின்னச்சிற்கு விசையைச் செலுத்தினார். 1926இல் பேக்கர்டு நிறுவனம் ஹைப்பாயிடு என்னும் வளைபற்களைக் கையாண்டது. பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தின் நடுக்கோட்டிற்குக் கீழே இறங்கி அமர இடங்கிடைத்ததால், காரின் தளமும் தாழ்ந்தது. பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்வதால் அதற்கெனத் தனி எண்ணெயும் வேண்டியதாயிற்று.

மலாயாவில் இவ்வகை அச்சினை ஊர்தோறும் கொண்டு சேர்த்த கார்களுள் மோரிஸ் மைனர் குறிப்பிடத்தக்கது. சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி ஒலித்து அவசரகாலம் பிறந்த அதே 1948ஆம் ஆண்டில்தான் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்காரும் இலண்டனில் வெளிவந்தது. பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவேயாகும். இந்தியாவில் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று ஓடியதும் இதன் உடன்பிறப்பே. தோட்டத்துக் கிராணிமார், மருத்துவ உதவியாளர், ஆசிரியர் போன்றோர் சிக்கனம் கருதி விரும்பிய கார் அது. அதன் பின்னச்சு எளிமையானது. நடுவில் பூசணிக்காய் போன்ற ஒரு கூடு; இருபுறமும் குழாய்; குழாய்க்குள் பக்கத்திற்கு ஒன்றாக இரு தண்டுகள். மெக்கானிக்குகள் இத்தண்டினை ஹாஃப் ஷாஃப்ட் என்பர். அரையச்சு என்பதில் பிழையில்லை. காரின் எடையைச் சக்கரத்துப் பேரிங்கின் வழியாகக் கூடே ஏற்பதால், அரையச்சு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. முறிந்த தண்டினை உருவியெடுத்து வேறொன்றைச் செருகலாம். உமணர் இருந்திருப்பின் இதனை மெச்சியிருப்பர்.

இத்தகைய அச்சிற்கு ஏற்படும் முறுக்கத்தைக் கணக்கிடுவது கடினமன்று. மைனரின் கடைசி வடிவமான 1098 சி.சி. எஞ்சின் தரும் உயர்ந்த முறுக்குவிசை ஏறத்தாழ 81 நியூட்டன் மீட்டர். முதல் கியர் இதனை ஏறத்தாழ 3.6 மடங்காக்குகிறது. பின்னச்சின் பற்கள் அதனை மேலும் 4.22 மடங்காக்குகின்றன. ஆக, எஞ்சினிலிருந்து புறப்பட்டது சக்கரத்தை அடையும்போது பதினைந்து மடங்கிற்கும் மேலாகி, 1,200 நியூட்டன் மீட்டரைக் கடந்துவிடுகிறது. எஞ்சினும் கிளச்சும் பெறுவது சிறு சுமை. பெருக்கம் முழுவதையும் ஏற்பது பின்னச்சு ஒன்றே. எஞ்சினின் முறுக்குவிசையை இரட்டித்தால் இவ்வெண்ணும் இரட்டிக்கும். கிளச்சினை மெல்ல விடாமல் திடீரென விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த பறப்புச் சக்கரம் தன்னுள் சேர்த்து வைத்த ஆற்றலையும் அந்த ஒரு கணத்தில் அச்சின்மேல் இறக்கிவிடும்.

அவ்வாறாயின் சாலையில் ஓடும் கார்களின் அச்சு ஏன் நாள்தோறும் முறிவதில்லை? டயர் காக்கிறது என்பதே விடை. மைனரின் டயர் குறுகியது, கடினமானது. அளவுக்கு மீறிய விசை வந்தவுடன் அது தரையில் வழுக்கிவிடுகிறது. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் கம்பி உருகிப் பிறவற்றைக் காப்பது போன்றது இது. பந்தயத்திற்கென இறங்குவோர் முதலில் செய்வது யாது? அகன்ற, மென்மையான, தரையைப் பசைபோலப் பற்றும் சிலிக் டயரை மாட்டுகின்றனர். கார் சீறிப் புறப்படுகையில் எடையும் பின்னோக்கிச் சாய்ந்து டயரை மேலும் அழுத்துகிறது. இனி வழுக்கல் இல்லை, ஃபியூஸ் அகற்றப்பட்டுவிட்டது. அடுத்து மெலிந்த உறுப்பு எதுவோ அது முறிகிறது. அரையச்சு, பினியனின் பல், டிபரென்ஷியலின் குறுக்குத் தண்டு ஆகிய மூன்றில் ஒன்றாக அஃது இருப்பது இயல்பு. எஞ்சினைப் பெருக்கியவனைவிட டயரை மாற்றியவனே அச்சினை முறித்தான் என்பது பலருக்கும் புலப்படாத உண்மை.

டிராக் பந்தயம் பிறந்த வரலாறு போரோடு பிணைந்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டி மகிழ்ந்த இளைஞர் கூட்டம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரச் சாலைகளில் இரவுப் பந்தயங்களில் இறங்கியது, உயிர்கள் போயின. 1950இல் சாந்தா ஆனா நகரத்து விமான ஓடுதளத்தில் முறையான பந்தயம் தொடங்கியது. மறு ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி, 1955இல் கான்சாஸ் மாநிலத்தில் போர்க்கால விமானத்தளமொன்றில் நடந்தது. இங்கிலாந்தில் 1966இல் திறக்கப்பட்ட சாந்தா பாட் பந்தயத் தடமும் முன்னர் விமானத்தளமாக இருந்ததே. தமிழகத்திலோ சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில் போர் விட்டுச்சென்ற ஓடுதளத்தை, 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயக்களமாகக் கொண்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்த பின்னரும், சோழவரத்தின் நீண்ட நேர்ப்பாதை டிராக் பந்தயத்தினரை ஈர்த்தது. குண்டு வீசும் விமானங்களுக்காக இட்ட பாதையில் இளைஞர் தம் வேகத்தை அளந்தனர். அளப்பதற்கு ஓர் இடம் கிடைத்ததால் நகரத்துத் தெரு சற்றே தப்பியது.

அமெரிக்காவில் முதலில் முறிந்தவை ஃபோர்டு நிறுவனத்தின் பழைய பின்னச்சுகள். 1932இல் வந்த வி-8 எஞ்சினை எளிதில் பெருக்க முடிந்தது, அச்சோ பெருகவில்லை. ஆகவே பழைய இரும்புக்கடைகளில் கனத்த கார்களின் அச்சுகளைத் தேடலாயினர். 1957 முதல் சில ஆண்டுகள் வந்த ஓல்ட்ஸ்மொபில், பான்டியாக் கார்களின் பின்னச்சுக்கு இவர்களிடையே பெருமதிப்பு ஏற்பட்டது. அதே 1957இல் ஃபோர்டு தன் ஒன்பது அங்குல அச்சினை வெளியிட்டது. கிரவுன் வீலின் குறுக்களவு ஒன்பது அங்குலம் என்பதால் இப்பெயர். பல அச்சுகளில் பினியன் இரு பேரிங்குகளில் ஒருபுறமாகத் துருத்தி நிற்கும். இதிலோ அதன் முனையை மூன்றாவது பேரிங் ஒன்று மறுபுறமும் தாங்குகிறது. ஆகவே கடும் விசையிலும் பல் விலகுவதில்லை. பற்களும் டிபரென்ஷியலும் அடங்கிய நடுப்பகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம் என்பது மற்றொரு நன்மை. இந்த அச்சு சாதாரணக் கார்களுக்கும் சுமைவண்டிகளுக்கும் செய்யப்பட்டது. அதன் உற்பத்தியை 1986இல் ஃபோர்டு நிறுத்திய பின்னும், பந்தயத்தினருக்காக அதே வடிவில் தனி நிறுவனங்கள் இன்றும் வார்க்கின்றன.

மைனரை நேசிப்போர் முதலில் வெகுதூரம் செல்லவேண்டியிருக்கவில்லை. 1957இல் வந்த ரைலி 1.5 என்னும் கார் மைனரின் அடித்தளத்தின் மீதே எழுந்தது. அதன் பின்னச்சு கனத்தது, பல்விகிதமும் 3.73 என உயர்வேகத்திற்கு ஏற்றது. சிறு பெருக்கத்திற்கு அது போதும். அதற்கு மேற்பட்டால் ஃபோர்டு எஸ்கார்ட்டின் அச்சு. எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணிப்போர்க்குக் குறுக்கப்பட்ட ஒன்பது அங்குல அச்சு. நம் நாட்டுப் பட்டறைகளில் இன்று மைனரைவிட 1970களின் டொயோட்டா கொரோலாவும் டட்சனுமே இவ்வகையில் பெரிதும் விரும்பப்படுகின்றன. கொரோலாவின் அடியில் ஹைலக்ஸ் சுமைவண்டியின் பின்னச்சினைப் பொருத்துவது பல நாடுகளிலும் பரவிய வழக்கம். சுமைக்கென்று செய்யப்பட்டதே வேகத்திற்கும் ஈடுகொடுக்கிறது.

இவ்வாறு மாற்றுவதை வெறும் கழற்றி மாட்டும் வேலை என்று எண்ணுதல் தவறு. புதிய அச்சு அகலமாயின் குழாய்களை அறுத்துக் குறைக்கவேண்டும். அறுத்த குழாயைப் பற்றவைக்கும் வெப்பத்தில் அது வளையும். கண்ணுக்குத் தெரியாத அவ்வளைவே பேரிங்கினைத் தின்றுவிடும். ஆகவே தேர்ந்த பட்டறையினர், கூட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேரான கனத்த எஃகுக் கம்பியொன்றைச் செலுத்தி, அது தடையின்றிச் சுழலுமாறு வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகப் பற்றவைத்து ஆறவிடுவர். அரையச்சினையும் குறுக்கி, அதன் நுனியில் ஸ்பிளைன் எனப்படும் நீள்பற்களைப் புதிதாக வெட்டவேண்டும். இங்கே ஒரு கணக்கு நினைவிற்குரியது. உருண்டைத் தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். ஓர் அங்குலத் தண்டினை ஒன்றேகால் அங்குலமாக்கினால் வலிமை ஏறத்தாழ இரு மடங்காகிறது. கால் அங்குலத்தில் இத்துணைப் பயன் இருப்பதைக் கணிதம் கற்பிப்போர் மாணவர்க்குக் காட்டலாம்.

தடிப்பு மட்டும் போதாது. எஃகின் மேற்புறம் கடினமாகவும் உட்புறம் சற்றே நெகிழ்வாகவும் இருக்க வெப்பத்தால் பதப்படுத்தவேண்டும். முழுவதும் கடினமாயின் கண்ணாடிபோல் உடையும். அடுத்தது விற்பட்டைகள். அச்சு சக்கரத்தைத் திருப்ப முயலும்போது, அச்சின் கூடு எதிர்த்திசையில் உருள முயலும். பினியன் இருக்கும் மூக்கு மேலெழும். விற்பட்டை வளைந்து, மீண்டு, மறுபடி வளைய, பின்சக்கரங்கள் தரையில் துள்ளும். துள்ளி விழும் ஒவ்வொரு முறையும் பற்களின் மீது சம்மட்டி அடி விழுவதற்கு ஒப்பாகும். இதனைத் தடுக்க அச்சிற்கும் காரின் சட்டத்திற்கும் இடையே இழுகம்பிகள் பொருத்துவர். பெரிய அச்சினை வாங்கிப் பொருத்திவிட்டு இதனை மறந்தோர், பெரிய அச்சும் உடைந்தது கண்டு விற்றவனைப் பழித்ததுண்டு.

சில அச்சுகளில் அரையச்சினைக் கூட்டிற்குள் பிடித்து வைப்பது சிறிய வளையமொன்றே. தண்டு முறிந்தால் சக்கரத்தோடு அது வெளியே வந்துவிடும். ஆகவே வேகமிகு கார்களில் அவ்வளையத்தை நீக்கிச் சக்கரத்தின் அருகிலேயே தண்டினைப் பிடித்து வைக்கும் அமைப்பினை அமெரிக்கப் பந்தய விதி கட்டாயமாக்கியது. விதிகள் குருதியில் எழுதப்பட்டவை என்று கூறுவது இவ்விளையாட்டில் மிகையன்று. 1970 மார்ச் 8ஆம் நாள் கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓட்டுநரின் காரில், எஞ்சினுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட கியர்ப்பெட்டி வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலப்பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. மருத்துவமனையில் கிடந்தவாறே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் காரினை எண்ணத் தொடங்கிய அவர், மறு ஆண்டே அதில் வெற்றியும் கண்டார். 2008இல் மற்றோர் ஓட்டுநர் இறந்த பின், மிக விரைந்த வகைக் கார்களுக்குக் கால் மைலாகிய 1,320 அடி 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

இனிப் பேராக்கிற்குத் திரும்புவோம். ஈப்போவின் இரும்பு வார்ப்படங்களும் கடைசல் பட்டறைகளும் ஈயத்தை நம்பி எழுந்தவை. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கும் 1938ஆம் ஆண்டின் ஈயக்கப்பல் 4,500 டன் எடையுடையது. அதுபோன்றவற்றின் பற்சக்கரங்களையும் தண்டுகளையும் செப்பனிட்ட ஊரில், காரின் அச்சினைக் குறுக்குவது பெருஞ்செயலன்று. 1985இல் ஈயவிலை சரிந்து சுரங்கங்கள் மூடின. தோட்டங்களோ அதற்கு முன்பே கலையத் தொடங்கியிருந்தன. 1950களிலும் 60களிலும் அவை துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரையே உடைமையாளராக்க முயன்றார். ஆயினும் பின்னாளில் செம்பனையும் வீடமைப்பும் பல லயங்களை விழுங்கின. பால்மரத்தை விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் புந்தோங், மெங்லெம்பு, சிலிபின் வட்டாரப் பட்டறைகளில் கைத்தொழில் கற்றனர். தோட்டத்து லாரியின் அடியில் படுத்துப் பழகிய கைகளுக்கு அஃது அந்நியமாகத் தோன்றவில்லை.

அவர்களது கல்வி எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. பள்ளியில் பின்தங்கியவன் என்று குறிக்கப்பட்ட மாணவன், கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல இடைவெளி வேண்டுமென்று விரலால் ஆட்டிப் பார்த்தே சொல்வான். பல்லில் வண்ணம் பூசிச் சுழற்றி, படிந்த தடம் பல்லின் நடுவே விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்று நோக்கி, பினியனுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகட்டினை மாற்றுவான். இவ்வேலைக்குரிய சொற்களை அவன் ஆங்கிலம், மலாய், கண்டோனியம் ஆகியவற்றிலிருந்து காதால் பெற்றான். அச்சு, ஆணி, ஆரம், நுகம் என நான்கு சொல்லும் அறிந்த தமிழாசிரியர் பட்டறைக்குள் நுழைவதில்லை. பட்டறையிலிருப்பவனுக்குச் சேம அச்சு என்ற சொல் தன் பாட்டனுடையது என்று எவரும் கூறவில்லை. புறநானூற்று உரைகாரருக்கு உமணரின் வண்டி கண்முன் ஓடிற்று. ஆதலால் உரை தெளிவாக வந்தது.

இவ்விளைஞரின் கைவண்ணம் எங்கே ஓடுகிறது என்பது தனிக் கவலை. நாட்டில் முறையான பந்தயத்திற்கு 1968இல் ஷா ஆலம் பத்து தீகாவில் தடம் திறந்தது. பின்னர் 1999இல் சிப்பாங் வந்தது. அங்கே டிராக் போட்டிகளும் நடந்துள்ளன. ஈப்போவிலிருந்து சிப்பாங் செல்ல அரை நாள் பயணம், காரினை ஏற்றிச் செல்ல லாரி, நுழைவுக் கட்டணம், தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும். இவற்றைத் தாங்க இயலாதோர்க்கு நள்ளிரவுச் சாலை இலவசமாகக் கிடைக்கிறது. பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடக் கொடியது அச்சு. ஓடுதளத்தில் அரையச்சு முறிந்தால் கார் நேரே உருண்டு ஓய்வதற்கு இடமுண்டு, பக்கத்தில் சுவருண்டு, தீயணைப்போர் உளர். சாலையில் எதிரே வருபவன் இரவுவேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி.

முறையாகப் பந்தயம் விட்டுத் திரும்புவோர் பட்டறையில் முதலில் எஞ்சினைத் திறப்பதில்லை. பின்னச்சின் அடியிலுள்ள திருகினைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் வடிப்பர். திருகின் நுனியில் சிறு காந்தம் இருக்கும். அதில் படிந்தது சாம்பல் போன்ற மென்பசையாயின், பற்கள் தேய்ந்த இயல்பான தேய்வு. துடைத்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவர். விரலுக்கு நெருடும் துணுக்கு ஒன்றேனும் அகப்பட்டால், அடுத்த போட்டிக்கு எத்தனை நாள் இருப்பினும், கூட்டினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவர்.